மழை பெய்யும்போது மாடிக்குப் போய்ப் பாருங்கள்: புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்த அனுபவம்

2014 நவம்பர் 29, சனிக்கிழமை. நல்ல மழை. கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து சொன்னான். அப்பாவுக்கு அப்போது 79 வயது. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடவே போனேன்.

மேரி என்றால் புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மன்றம். 1870-ஐ ஒட்டிக் கட்டியது. பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். 1881-ல் வந்த ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, குடும்பப் பெயர் ஒன்றையும் எடுத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தாவும் பாட்டியும் கோயிலில் தாலி கட்டிக்கொள்வதற்கு முன்னால் மேரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மாடிப்படியில் பட்டுப்புடவை ஈரமாகிவிடக் கூடாதென்று தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாளாம். அன்றும் மழை.

நாங்கள் போனபோது செங்கல்லும் மரமும் குவியலாகக் கிடந்தன. அப்பா அழவில்லை, எதுவும் பேசவும் இல்லை. திரும்பி வந்ததும் ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரை விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று, “இங்க சத்தம் வேற மாதிரி வருதும்மா” என்றார்.

எங்கள் வீட்டு வேலை அன்றைக்குத்தான் தொடங்கியது என்பேன். கொத்தனார் வந்து கைவைக்க அதற்குப் பிறகு 2 வருடம் ஆனது.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. தெருப்பக்கம் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, பிறகு ரேழி என்கிற வாசல் நடை, உள்ளே முற்றம். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. மாடியைத் தாத்தா 1920களில் எடுத்தார். அது வேறு முகம்: வளைவு வைத்த ஜன்னல், பட்டி பட்டியாகச் சாய்ந்த மரக்கதவு, மேலே குட்டைத்தூண் கைப்பிடிச்சுவர். கீழே தமிழும் மேலே பிரெஞ்சுமாகக் கட்டுவது இந்த ஊரின் பழக்கம். மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், பிரெஞ்சுக்காரர் காலத்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பார்த்தாலே தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த வீடு. கீழே மரத்தூண் முற்றம், மேலே ஐரோப்பிய பாணியில் சுதைத்தூண். 1761-ல் ஆங்கிலேயர்கள் இந்த நகரத்தைத் தரைமட்டமாக்கியபோது தப்பி நின்ற வெகு சில கட்டடங்களில் அதுவும் ஒன்று. பிள்ளை அதே வருடம் ஜனவரியில், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் இறந்தார். நாம் இன்று பழைய புதுச்சேரி என்று பார்த்து ரசிக்கிற தெருக்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு திரும்ப எழுந்தவை. ஒருமுறை மொத்தமாக அழிந்து மறுபடி கட்டிய ஊர் இது. அதனால்தானோ என்னவோ, இங்கே ஒவ்வொரு வீடு இடியும்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அப்பா 2015-ல் காலமானார். வீடு அண்ணன் பெயரிலும் என் பெயரிலும் வந்தது. அண்ணன் பிரான்சில் இருக்கிறார். இடித்துவிட்டு மூன்று மாடி கட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். பணம் நிறையத்தான். அண்ணனும் முதலில் அந்தப் பக்கம்தான் சாய்ந்தார். நான் சண்டை போடவில்லை. ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். முற்றத்துத் தூணில் எங்கள் உயரத்தை அப்பா வருடா வருடம் கீறி வைத்திருந்தார், அதையும் அனுப்பினேன். மறுநாள் காலை அண்ணன் கூப்பிட்டு, “சரி, என் பங்குச் செலவ நான் தர்றேன். ஆனா தலைமேல விழாதுன்னு யாராவது எழுத்துல தரணும்” என்றார். நியாயமான பேச்சு.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டில் கைவைப்பதற்கு முன்னால் பங்காளிகள் எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பாதி வேலையில் ஒருவர் மனம் மாறினால், கூரையைப் பிரித்த வீடு மழையில் நிற்கும். எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு வீடு போனது. பிரெஞ்சுக் காலத்துப் பத்திரம் இருந்தால் அதை மொழிபெயர்த்து வைத்துக்கொள்வதும் முதல் வேலை. எங்கள் பத்திரத்தை மொழிபெயர்த்தபோதுதான் கிழக்குச் சுவர் பொதுச்சுவர் என்றே தெரிந்தது. அதில் எந்த வேலை செய்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டும். சொன்னோம். அவர் வீட்டுப் பக்கமிருந்து சுவரைப் பார்க்கவும் விட்டார். அந்த ஒரு பார்வையில் தெரிந்த விஷயங்கள் ஏராளம்.

கொத்தனாரைத் தேடி அலைந்ததுதான் பெரிய பாடு. வந்த ஆறேழு பேரும் சுவரைப் பார்த்ததும் சிமென்ட் மூட்டைக் கணக்குதான் போட்டார்கள். கடைசியில் வைசியாள் வீதிக்குப் போனேன். பலகையில் கால்வே சுப்புராய செட்டி தெரு என்றிருக்கும், ஊர் வாயில் வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு 2000களின் தொடக்கத்தில் அந்தத் தெருவின் முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீர்செய்தது. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதும் கிடைத்தது. தாழ்வாரமும் திண்ணையும் வரிசையாக அப்படியே நிற்கிற தெரு அது. வீடு வீடாகக் கதவைத் தட்டி, “உங்க வீட்ல யாருங்க சுண்ணாம்பு வேலை செஞ்சாங்க?” என்று கேட்டேன். மூன்றாவது வீட்டு அம்மா ஒரு எண் கொடுத்தார். வில்லியனூர் பக்கத்து மேஸ்திரி. அறுபதைத் தாண்டியவர். ஆள் தேட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விளம்பரத்தை நம்பாதீர்கள். நல்லபடியாகப் பழுதுபார்த்து, பத்து மழைக்காலத்தைத் தாண்டிய வீட்டைப் பார்த்து, அதைச் செய்த கை யாருடையது என்று கேளுங்கள்.

மேஸ்திரி வந்த முதல் நாள் ஒரு கல்லையும் தொடவில்லை. வீட்டை மூன்று சுற்று சுற்றினார். மாடியில் போய் வெறுங்காலில் நடந்தார். பிறகு, “மழ எப்பம்மா வருது?” என்று கேட்டார். ஐப்பசி பிறக்கப் பத்து நாள் இருந்தது. “மழ வரட்டும். வந்ததும் கூப்பிடு. தண்ணி எங்க நிக்குது, எங்க இறங்குதுன்னு பாத்துக்கினுதான் வேலய ஆரம்பிக்கணும்.”

எனக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் காத்திருந்தாயிற்று, இன்னும் காத்திருப்பதா? ஆனால் அவர் சொன்னதுதான் சரி. முதல் பெருமழையில் அவரும் நானும் குடை பிடித்துக்கொண்டு மாடியில் நின்றோம். தெருப்பக்க மூலையில் தண்ணீர் குளமாக நின்றது. தூம்புக் குழாயின் வாயில் இலையும் குருவிக் கூடும் அடைத்திருந்தன. அதற்கு நேர் கீழேதான், அப்பா தட்டிப் பார்த்து வேறு சத்தம் கேட்ட சுவர். இரண்டு வருடம் முன்பு விரல்முட்டி சொன்ன செய்தியை மேலிருந்து தண்ணீர் வந்து உறுதிசெய்தது.

மழை ஓய்ந்த பிறகு கூடத்தின் மச்சுக்குச் சாரம் கட்டினார்கள். எங்கள் ஊர்ப் பழைய கூரையை மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். தேக்கு உத்திரங்களைச் சுவருக்குச் சுவர் போட்டு, அதன்மேல் ஓர் அங்குலத் தடிப்புள்ள சின்னச் செங்கல்லைச் சாய்வாட்டமாகச் சுண்ணாம்பில் நிறுத்திவைத்து அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலம் போட்டுத் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதிப்பார்கள். இந்தக் கூரையின் உயிர் உத்திரத்தின் நுனியில் இருக்கிறது. சுவருக்குள் புதைந்திருப்பதால் அந்த நுனி கண்ணுக்குத் தெரியாது.

மேஸ்திரி ஓர் உத்திரத்தின் நடுவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். இரும்பில் குத்தியதுபோல் நின்றது. நூறு வருடத்துப் பர்மா தேக்கு. பிறகு சுவரை ஒட்டிய இடத்தில் வைத்தார். பெரிதாக அழுத்தவே இல்லை. கைப்பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரமான காப்பித்தூள்போல் ஏதோ உதிர்ந்தது. வெளியே வார்னிஷ் பளபளப்பு அப்படியே இருந்தது. அந்த உத்திரத்தின் கீழேதான் பத்து வருடமாக என் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பதினொரு உத்திரத்தில் நான்கின் நுனி போயிருந்தது. நான்கும் தண்ணீர் நின்ற மூலைக்குக் கீழே. மற்ற ஏழும் இன்னும் நூறு வருடம் தாங்கும் என்றார். இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். “பழைய வீடு, மொத்தமும் உளுத்துப் போயிருக்கும், இடிப்பதுதான் நல்லது” என்று யாராவது சொன்னால், எந்த மரம், எந்த நுனி, எந்த மூலை என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது.

நான்கு உத்திரத்தையும் முழுசாகக் கழற்றவில்லை. அடியில் முட்டுக்கொடுத்து, கெட்ட நுனியை மட்டும் அறுத்துவிட்டு, இடித்த வீட்டு மரம் விற்கும் கடையில் வாங்கிய பழைய தேக்கை ஒட்டுப்போட்டு, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டார்கள். தகட்டின் அளவையும் போல்ட்டின் இடத்தையும் கணக்குப் போட்டுத் தந்தது ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். அண்ணன் கேட்ட எழுத்தையும் அவர்தான் தந்தார். நுனி உட்காரும் இடத்தில் ஈரம் ஏறாமலிருக்கக் கருங்கல் பலகை வைத்து, மரத்தைச் சுற்றி விரல் நுழைகிற அளவு இடைவெளி விட்டார்கள். மரம் மூச்சுவிட வேண்டுமாம். முன்பு யாரோ அந்த இடைவெளியைச் சிமென்டால் நிரப்பி மெழுகியிருந்தார்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

சிமென்ட் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 2003-ல் கூடத்துச் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிர்கிறது என்று அப்பா ஒரு கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தார். அவர் பழைய பூச்சைக் கொத்தியெடுத்துவிட்டு, நான்கடி உயரத்துக்குச் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துக் கொடுத்தார். ஒரு வருடம் கண்ணாடிபோல் இருந்தது. அடுத்த வருடம் நான்கடிக்கு மேலே ஓதம் தெரிந்தது. அதற்கடுத்த வருடம் ஐந்தடிக்கு ஏறியது. நாங்கள் சுவர்தான் கெட்டுப்போகிறது என்று நினைத்தோம்.

மேஸ்திரி அந்தச் சிமென்டைத் தட்டி எடுத்தபோது அது பலகை பலகையாக வந்தது. அதன் முதுகில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே செங்கல் சிவப்புச் சர்க்கரைபோல் கையில் உதிர்ந்தது. காரணத்தைப் பொறுமையாக விளக்கினார். கடலுக்குப் பக்கத்து ஊர், தரைக்கடியில் ஈரம், அதில் உப்பு. சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு மெத்தென்று நுண்துளையோடு இருப்பதால் ஈரம் அதன் வழியாக வெளியே காய்ந்துவிடும், உப்பும் பூச்சிலேயே பூத்து உதிர்ந்துவிடும். பூச்சு கெட்டால் திரும்பப் பூசிக்கொள்ளலாம். சிமென்ட் வழியை அடைக்கிறது. ஈரம் மேலே ஏறப் பார்க்கிறது. உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை உடைக்கிறது. “பூச்சு சாகணும்மா, கல்லு பொழைக்கணும். நீங்க பூச்சக் காப்பாத்தி கல்ல சாகடிச்சிட்டீங்க.”

நீங்கள் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: சுண்ணாம்பில் கட்டிய சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். ஈரம் வராமல் தடுக்கும் என்று சொல்லி விற்கிற பெயின்டும் அதே வேலையைத்தான் செய்யும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும். வருடத்துக்கொருமுறை அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சுண்ணாம்பு நீற்றியது கொல்லையில். சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பு வந்தது. தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பிவிட்டு அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறித்தால் கண் போய்விடும். உலை கொதிப்பதுபோல் தளதளவென்று கொதித்தது. தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள், நான் விரட்டிக்கொண்டே இருந்தேன். கொதி அடங்கியபின் சலித்து, மேலே எப்போதும் நான்கு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தோம். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை வெண்ணெயாகும். நாங்கள் இரண்டு மாதம் விட்டோம். கரண்டியில் எடுத்தால் தயிரேடுபோல் நின்றது. அதோடு சலித்த ஆற்றுமணல், பழைய செங்கல் தூள், கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர். அந்த வாடை வீடெல்லாம் ஒரு மாதம் இருந்தது. முதல் வாரம் தலைவலித்தது, அப்புறம் பழகிவிட்டது. இப்போது எங்காவது கடுக்காய் வாடை வந்தால் எனக்கு அந்த வருடம்தான் ஞாபகம் வருகிறது.

சுண்ணாம்பு வேலைக்கு அவசரம் ஆகாது. ஒரு பூச்சு மெல்லிசாகப் போட்டு, அது இறுகக் காத்திருந்து, நனைத்து, அடுத்த பூச்சு. வெயில் நேராகப் பட்டால் வெடிக்கும், அதனால் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். சிமென்ட் வேலைக்குச் சொல்கிற நாளைவிட மூன்று மடங்கு நாள் ஆனது எங்களுக்கு. கூலியும் அதற்கேற்ப ஏறியது. நகையை அடகு வைத்தேன். அதை மறைத்து எழுதினால் இதைப் படித்து இறங்குகிறவர்களுக்குச் செய்கிற துரோகம். கையில் முழுப்பணம் இல்லையென்றால் இந்த வரிசையில் செய்யுங்கள்: முதலில் தண்ணீர் வெளியேறும் வழி, பிறகு கூரை, பிறகு உத்திரம், அதற்குப் பிறகுதான் சுவர், கடைசியில் முகப்பு. நான் பார்த்தவரை பலர் முகப்பிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். மேலே தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும்.

மாடித் தளத்தைப் பிரித்துப் போட்டது மட்டும் அந்த ஈர மூலையில்தான். தெருப்பக்கம் பத்தடிக்கு எட்டடி. ஜல்லிச் சுண்ணாம்பு போட்டபின் ஆறு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டினார்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை, மூன்று நாள். ஒருவர் தாளம் தவறினாலும் மேஸ்திரிக்குக் கீழே இருந்தே தெரிந்துவிடும். தட்டத் தட்டச் சத்தம் மாறுகிறது. முதல் நாள் பொத் பொத்தென்று இருந்தது, மூன்றாம் நாள் டங் டங்கென்று வந்தது. கட்டை துள்ளித் திரும்பும்போது வேலை முடிந்தது என்று அர்த்தம். அவர்களில் மூத்த அம்மாவிடம், “உங்க பொண்ணுங்க இந்த வேலைக்கு வர்றாங்களா?” என்று கேட்டேன். “இந்த வேல எங்கம்மா இருக்குது வர்றதுக்கு?” என்றார். வருடத்துக்கு இரண்டு வீடு கிடைத்தால் பெரிசாம். வீட்டோடு சேர்ந்து அந்தக் கையும் போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் வீட்டைவிடக் கைதான் கவலை.

இன்னும் சில விஷயங்கள், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை. மாடி நடுவில் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தோம். நிறைந்தால் ஒரு டன். மர உத்திரத்தின் நடுமுதுகில் ஒரு டன்னை ஏற்றி வைத்திருந்தோம் என்பது இன்ஜினியர் சொல்லித்தான் உறைத்தது. கொல்லையில் குளியலறைச் சுவர்மேல் மாற்றினோம். அடுக்களையில் ஒரு இரும்பு கர்டர் துருப்பிடித்துச் சுவரை விரித்துக்கொண்டிருந்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்குமாம், அதுதான் சுவரைப் பிளக்கிறது. சுரண்டித் துரு எடுத்து வண்ணம் அடித்தோம். கைப்பிடிச்சுவரில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலை விடும்போதே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். வெட்டினால் போகாது, வேர் உள்ளே தடித்துச் சுவரைத் திறந்துவிடும். கதவு ஜன்னலைக் கழற்றும்முன் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு ஜன்னலுக்கு எழுத மறந்தோம். அதன் இரண்டு கதவும் எந்த நிலையில் சேரும் என்று கண்டுபிடிக்க ஒரு பகல் முழுக்கப் போனது.

தெரு உயர்ந்ததுதான் எங்களால் தீர்க்க முடியாத பிரச்சினை. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, என் சின்ன வயதில் மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு இப்போது ஒரே படிதான் இருக்கிறது. பெருமழையில் தெருத்தண்ணீர் ரேழிவரை வரும். எழுதிக் கொடுத்தோம், அலைந்தோம், நடக்கவில்லை. வாசலில் கருங்கல் தடுப்பும், முற்றத்திலிருந்து கொல்லைக்கு அகலமான வடிகாலும் வைத்துக்கொண்டோம். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் போடச் சொல்லித் தெருவாக எல்லோரும் சேர்ந்து நில்லுங்கள். ஒரு வீட்டுக்காரர் நின்றால் கேட்க மாட்டார்கள்.

வேலை தொடங்கியபோது மேற்குச் சுவரில் ஒரு விரிசல் இருந்தது. எனக்கு அதுதான் பெரிய பயம். மேஸ்திரி பயப்படவில்லை. போட்டோ பிரேம் கடையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்று வாங்கிவரச் சொன்னார். விரிசலின் குறுக்கே அதை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து அப்பி, பக்கத்தில் பென்சிலால் 21.11.2016 என்று எழுதினார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடையாவிட்டால் அது எந்தக் காலத்திலோ நின்றுபோன பழைய விரிசல், அடைத்துவிட்டுப் போகலாம். நான் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். ஒரு மழைக்காலம், ஒரு கோடை தாண்டியது. உடையவில்லை. பயந்து அந்தச் சுவரை இடித்திருந்தால் மாடியும் போயிருக்கும்.

மேரி கட்டடத்தை உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே மறுபடி எழுப்பி 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அண்ணன் ஊருக்கு வந்தபோது போய்ப் பார்த்தோம். அழகாகத்தான் இருக்கிறது, கட்டியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடற்கரையில் அந்த இடம் வெறுமையாக இருந்த வருடங்களில் பல்விழுந்த வாய்போலத் தெரியும், இப்போது அது இல்லை. ஆனாலும் பாட்டி புடவையைத் தூக்கிப் பிடித்து ஏறிய படி எது என்று அண்ணன் கேட்டபோது எனக்குக் காட்டத் தெரியவில்லை. விழுந்தபின் கட்டுவதற்கும் விழாமல் பார்த்துக்கொள்வதற்கும் ஆகிற செலவை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அன்று மனம் ஓடியது. தூம்புக் குழாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளுக்கு அரை நாள் கூலி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மேரி விழுந்து பத்து வருடமும் ஒரு நாளும். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை, ஊரில் அதுவரை யாரும் பார்க்காத மழை. மின்சாரம் இல்லை. நான் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மறுமுனையை என் மகன் பிடித்துக்கொள்ள, டார்ச்சோடு மாடிக்கு ஏறினேன். அந்த மூலையில் தண்ணீர் நிற்கவில்லை. தூம்பு வழியாகத் தெருவுக்கு அருவிபோல் கொட்டிக்கொண்டிருந்தது. ரேழியில் முழங்கால் அளவு தெருத்தண்ணீர் நின்றது, கருங்கல் தடுப்பெல்லாம் எந்த மூலைக்கு? ஆனால் மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. விடிந்ததும் மேஸ்திரி கூப்பிட்டார். தன் வீடு எப்படி இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால், “மூல எப்படிம்மா இருக்குது?” என்றுதான் கேட்டார்.

அந்த வெள்ளத்தில் ரேழிச் சுவரின் பூச்சு மூன்றடி உயரத்துக்கு ஊறி, தை மாதத்துக்குள் உதிர்ந்துவிட்டது. கல் நன்றாக இருக்கிறது. உப்பு முழுக்க வெளியே வரட்டும் என்று ஒரு கோடையைப் பூசாமலே விட்டோம், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். மேஸ்திரிக்குக் கண் மங்கிவிட்டது, இனி அவர் மகன்தான் வருவார், அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். கொல்லைத் தொட்டியில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நான்கு விரல்கடைக்குக் குறையாமல் நான் தினம் பார்த்து ஊற்றுகிறேன்.